பாப்ஸ் கச்சேரியில் ஒரு பொன்னாடை

எங்கள் ஆட்களுக்குப் பொன்னாடை இல்லாமல் ஒரு விழா முடியாது. பொங்கல் விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினருக்குப் போர்த்துவோம். சாப்பாட்டுக்கு ஸ்பான்சர் பண்ணின ரியல் எஸ்டேட் ஏஜெண்டுக்குப் போர்த்துவோம். மைக் செட் வைத்தவருக்கு, பட்டிமன்ற நடுவருக்கு, நடுவரை நெவார்க் ஏர்போர்ட்டிலிருந்து காரில் அழைத்து வந்தவருக்கு என்று ஒருவரையும் விடமாட்டோம். ஒரு தடவை ஸ்கூல் ஆடிட்டோரியத்தைத் திறந்துவிட வந்த வாட்ச்மேனுக்கும் போர்த்திவிட்டார்கள். பாவம், அந்த மனிதர் அதைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டே கடைசி வரை நாற்காலி மடக்கினார். என் வீட்டுக்காரர் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். அவர் கார் டிக்கியில் ஸ்பேர் டயர் இருக்கிறதோ இல்லையோ, பிரிக்காத பொன்னாடை ஒன்றாவது இருக்கும்.

அதனால் எங்கள் மகள் பக்கத்து ஊர் பாப்ஸ் ஆர்கெஸ்ட்ராவின் கிறிஸ்துமஸ் கச்சேரிக்குச் சிறப்புப் பாடகியாக வருகிறாள் என்று தெரிந்ததுமே, அவருக்கு முதலில் என்ன தோன்றியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆர்கெஸ்ட்ரா ஆபீசுக்கு ஈமெயில் போட்டுவிட்டார். கலைஞரை அவருடைய தாயார் எங்கள் பண்பாட்டு முறைப்படி மேடையில் கௌரவிக்க விரும்புகிறார் என்று. தாயாரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் உடனே சந்தோஷமாகச் சரி என்று பதில் எழுதினார்கள். மேடைக்கு வர வேண்டிய நேரத்தில் அன்றைக்கு ஒருவர் வந்து அழைப்பார் என்றும் எழுதியிருந்தார்கள்.

பாப்ஸ் ஆர்கெஸ்ட்ரா என்றால் வேறொன்றுமில்லை. வயலினும் செலோவும் டிரம்பெட்டுமாக அறுபது எழுபது பேர் கோட்டு சூட்டுப் போட்டு உட்கார்ந்து, தலை வலிக்காத, எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளாக வாசிப்பார்கள். டிசம்பரில் ஹாலிடே கச்சேரி. ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவர் நடுவில் சாண்டா தொப்பி போட்டுக்கொள்வார். டிரம்ஸ்காரர் சலங்கையை எடுத்துக் குலுக்குவார். ஜனங்கள் மான் கொம்பு பின்னிய ஸ்வெட்டரில் பேரன் பேத்திகளோடு வந்து கூடவே பாடுவார்கள். பிராட்வே நாடகங்களில் பாடிய ஒருவரை வருஷா வருஷம் நியூ யார்க்கிலிருந்து அழைத்து வருவார்கள். அந்த வருஷம் அழைத்தது என் பெண்ணை. போஸ்டரில் அவள் பெயரின் பின்பாதி இல்லை. முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு ஜோடியாக ஏதோ ஒரு ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். வெட்டுப்பட்டது அவள் அப்பா ஆசையாகச் சேர்த்த பாதி என்பதில் எனக்கு அப்போது கொஞ்சம் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

நான் பாட்டு சொல்லிக் கொடுக்கிறவள். நியூ ஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் சனி ஞாயிறுகளில் கிளாஸ். பகலில் ஸ்கூலில் சப்ஸ்டிட்யூட் டீச்சர். என் பெண்ணுக்கு முதல் ஸ்வரம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். வாஷிங் மெஷின் ஓடுகிற சத்தத்துக்குப் பக்கத்தில், பாய் விரித்து, ஸ்கூல் பஸ் வருவதற்கு முன்னால். பல்லைக் கடித்துக்கொண்டுதான் வருவாள். ஆனால் குரல் அப்படி ஒரு குரல். சுருதியில் ஒரு இழை விலகினாலும் நான் சொல்வதற்கு முன்னால் அவளே முகத்தைச் சுளித்துக்கொள்வாள்.

ஹைஸ்கூலில் நாடகத்தில் சேர்ந்தாள். என் பாட்டை விட்டாள், அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வருத்தம்தான், ஆனால் பாட்டை விடவில்லையே என்று இருந்தேன். காலேஜ் போகும்போதுதான் வீடு இரண்டுபட்டது. ஃபார்மசி படிக்க இடம் கிடைத்திருந்தது. அவள் தியேட்டர் படிக்கிறேன் என்றாள். என் வீட்டுக்காரர் மருந்து கம்பெனியில் வேலை பார்க்கிறவர். அவருக்கு உலகத்தில் இரண்டே ஜாதி, ஃபார்மசி படித்தவர்கள், படிக்காதவர்கள். கிச்சனில் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றுகொண்டு அவளைப் பார்த்து, இங்கிலீஷில், ஆபீஸ் மீட்டிங்கில் கேட்பது போலக் கேட்டார்: "சிங்கிங் இஸ் ஓகே. ஆஃப்டர் சிங்கிங், வாட் இஸ் த ஜாப்?"

அவள் அழுதுகொண்டே மாடிக்குப் போனாள். நான் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு அவரோடு சண்டைக்கு நின்றேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆடிஷன் ஆடிஷனாக அவளை நியூ யார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். பார்க்கிங் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வந்தது நான். கடைசியில் அவர் வழிக்கு வந்ததும் என்னால்தான். இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. அவளுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

இதுதான் விஷயம். அந்தக் கச்சேரியில் எனக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. எங்கள் பக்கம் மேடையில் மைக் கிடைத்தால் பாடுகிறவர்கள் முதலில் குரு பெயரைச் சொல்வார்கள். என் கிளாஸில் மூக்கொழுகும் குழந்தைகூட ஆண்டு விழாவில் அதைச் சொல்லிவிட்டுத்தான் பாடும். அதுபோல என் பெண் ஒரு வரி, எங்கம்மாதான் முதலில் சொல்லிக் கொடுத்தாள் என்று, சொல்ல வேண்டும். அதை நாலு பேர் கேட்க வேண்டும். அதற்காகவே என் மாணவிகளின் அம்மாக்கள் அத்தனை பேரையும் டிக்கெட் வாங்க வைத்தேன். ஒரு முழு வரிசை எங்கள் ஆட்கள். பட்டுப் புடவை, மேலே விண்டர் ஜாக்கெட், காலில் ஸ்னோ பூட்ஸ்.

முதல் பாதி நன்றாகத்தான் போனது. என் பெண் சிவப்பு ஜிகினா கவுனில் வந்து நின்றபோது எங்கள் வரிசையே நிமிர்ந்து உட்கார்ந்தது. பாடினாள். எனக்கு அந்தப் பாட்டின் இலக்கணம் தெரியாது, ஆனால் குரல் எங்கே நிற்கிறது என்று தெரியும். அத்தனை வயலினுக்கும் மேலே, கூச்சல் போடாமல், போய் நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மாணவியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, அந்த பிருகா பார்த்தீங்களா, அப்படியே உங்க வாய்ஸ்" என்றாள். சொல்லப்போனால் அன்றைய கச்சேரி எனக்கு அங்கேயே முடிந்திருக்கலாம்.

இடைவேளைக்குப் பிறகு அவள் பாட்டுக்கு நடுவே பேச ஆரம்பித்தாள். இந்த மாதிரிப் பாடகர்களுக்குப் பாதி வேலை அதுதானாம். பாட்டு, அப்புறம் ஒரு சின்னக் கதை, ஒரு சிரிப்பு, மறுபடி பாட்டு. ஆர்கெஸ்ட்ரா அடியில் மெல்ல வாசித்துக்கொண்டே இருக்கும்.

"நான் வளர்ந்தது இங்கே பக்கத்தில்தான்" என்று இங்கிலீஷில் தொடங்கினாள். கைதட்டல். "எங்கள் வீட்டில் பாட்டே கிடையாது. கணக்குப் புத்தகம் இருந்தது." சிரிப்பு. "கணக்குப் புத்தகம் தீர்ந்துபோனால் இன்னொரு கணக்குப் புத்தகம் இருந்தது." இன்னும் சிரிப்பு. ஒரு டிசம்பரில் ஸ்கூல் பஸ் ரேடியோவில்தான் முதன்முதலாகப் பாட்டு என்ற ஒன்றைக் கேட்டாளாம். அந்த நிமிஷமே முடிவு பண்ணினாளாம். ஓடிவந்து அம்மாவிடம் சொன்னாளாம், நான் பாடகி ஆகப்போகிறேன் என்று.

பிறகு இல்லாத முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். விரலை நீட்டினாள்.

"சிங்கிங் இஸ் ஓக்கே. ஆஃப்டர் சிங்கிங், வாட் இஸ் த ஜாப்?"

அரங்கமே அதிர்ந்தது. முன் வரிசைத் தாத்தா ஒருவர் இருமி இருமிச் சிரித்தார். அந்தக் குரல் என் குரல்கூட இல்லை. டிவி காமெடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் இந்தியனுக்கு ஒரு குரல் வைத்திருப்பார்களே, அது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் இலக்கணமே சொல்லிக் கொடுக்கிறவள் நான். எனக்கு அந்த உச்சரிப்பு. எனக்கு அந்த வசனம்.

நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். வசனத்தின் சொந்தக்காரர். தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒருவேளை அவருக்கு மறந்தே போயிருக்கும் என்று நினைக்கக்கூட இடம் வைக்கவில்லை மனுஷன். என் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் வரிசையும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதா வேண்டாமா என்று இரண்டு பேர் பாதியில் நின்றார்கள். வாரா வாரம் என் பேஸ்மென்ட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். எங்கள் வீட்டில் பாட்டே கிடையாதாம்.

அடுத்த பாட்டு என்ன பாடினாள் என்று எனக்குத் தெரியாது. நான் மனசுக்குள் ஒரு வாக்கியம் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். பொன்னாடை போர்த்தப் போகும்போது எப்படியும் மைக்கை நீட்டுவார்கள். ஐ வாஸ் ஹெர் ஃபர்ஸ்ட் டீச்சர். அவ்வளவுதான். கோபமாகக்கூட வேண்டாம், சிரித்துக்கொண்டே சொன்னால் போதும். அவளுக்கும் அவமானம் இல்லை, எனக்குச் சேர வேண்டியதும் சேர்ந்துவிடும்.

சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு அம்மாள் குனிந்தபடி எங்கள் வரிசைக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். வீட்டுக்காரர் பொன்னாடையை என் கையில் திணித்து, "பிரிச்சு வெச்சுட்டேன், ஜரிகை வெளிப்பக்கம் தெரியற மாதிரி போடு" என்றார். நான் அவரை அப்போது திட்டாமல் விட்டதற்குக் கடவுளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

பக்கவாட்டுப் படி ஏறி மேடைக்கு வந்தேன். விளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் பெண் என்னைக் கை காட்டி, "ஓ நோ. அவங்களே வந்துட்டாங்க!" என்று இங்கிலீஷில் கத்தினாள்.

அப்போது எழுந்த சத்தத்தை நான் அதற்கு முன் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை. ஜனங்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். புடவை கட்டின அம்மா, கதையில் வந்த அதே அம்மா, நேரில். அவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். வயலின்காரர்கள் வில்லால் ஸ்டாண்டைத் தட்டினார்கள். வீட்டுக்காரர் போட்ட ஈமெயில் ஆபீசிலிருந்து யார் கைக்குப் போயிருக்கிறது என்று எனக்கு அப்போது புரிந்தது. கதையை எங்கே தொடங்கி எங்கே கொண்டுவந்து விடுவது என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.

பொன்னாடையைப் போர்த்தினேன். குனிந்து வாங்கிக்கொண்டாள். அதன் சரிகை அவள் கவுன் ஜிகினாவில் மாட்டிக்கொண்டது, நான் எடுத்துவிட்டேன். என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

அரங்கம் காத்துக்கொண்டிருந்தது. என் வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. என் முகத்தைப் பார்த்தே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. மைக்கை இரண்டு அங்குலம் விலக்கி, என் காதருகே, எத்தனையோ மாசத்துக்குப் பிறகு தமிழில், "சொல்லும்மா. ப்ளீஸ்" என்றாள்.

அவள் முகத்தில் பயம் இருந்தது. மேடையில் அடுத்த வரி வராமல் நிற்கிற பயம். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அவள் ஒவ்வொரு தடவை அப்படி நின்றபோதும் நான்தான் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு வரியை எடுத்துக் கொடுப்பேன். யோசித்துச் செய்ததில்லை அது. வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

திறந்தது. சிங்கிங் இஸ் ஓக்கே என்றேன். தலையையும் ஆட்டினேன். மிச்சத்தையும் அவள் சொன்ன அதே உச்சரிப்பில் சொன்னேன்.

கூரை பிய்ந்துவிடும் போல இருந்தது. ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவர் சாண்டா தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் வைத்தார்.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் போனோம். வழியில் லாபியில் எங்கள் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். "செம்ம டைமிங் ஆன்ட்டி! ரிஹர்சல் பண்ணீங்களா?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி தயங்கித் தயங்கி, "நிஜமாவே அப்படிச் சொன்னீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். அவள் பெண் என் கிளாஸில் நாலு வருஷமாகப் படிக்கிறது. நான் பதில் சொல்வதற்குள் வீட்டுக்காரர், "எல்லா அம்மாவும் சொல்றதுதானே!" என்று சொல்லிச் சிரித்தார்.

என் பெண் மேக்கப் ரூமில் ஒரு கண்ணில் ஒட்டியிருந்த பொய் இமையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் குதித்தாள். "அம்மா, யூ வேர் அமேசிங்!"

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "அந்த வார்த்தையை உங்கிட்ட யாரு சொன்னது?"

"எந்த வார்த்தை?"

"வாட் இஸ் த ஜாப்."

"நீதான்" என்றாள். கண்ணாடியைப் பார்த்தபடி, ஒரு நொடி யோசிக்காமல். "கிச்சன்ல. நீ டிஷஸ் பண்ணிட்டிருந்தே. ஐ ரிமெம்பர் த வாட்டர் ரன்னிங்."

"பாத்திரம் தேய்ச்சது நான். சொன்னது அப்பா."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். விளையாடுகிறாளா என்று நானும் உற்றுப் பார்த்தேன். இல்லை. அவள் முகத்தில் இருந்தது நிஜமான குழப்பம். அப்பா அன்றைக்கு வீட்டிலேயே இல்லையே என்றாள். எத்தனை ஊரில் எத்தனை மேடையில் சொல்லியிருப்பாளோ, சொல்லிச் சொல்லி அப்பாவைக் கிச்சனிலிருந்தே வெளியே அனுப்பிவிட்டாள். வேண்டுமென்று பொய் சொல்லியிருந்தால் நான் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த பழைய போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தார். "சொல்லுங்க. யார் சொன்னது?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்? நல்ல நாளும் அதுவுமா. கொழந்த டயர்டா இருக்கா."

கொழந்தைக்கு முப்பத்திரண்டு வயது.

"சரி, அதை விடு" என்றேன். "நம்ம வீட்ல பாட்டே இல்லைன்னியே. கீழ பேஸ்மென்ட்ல தினம் காலைல உக்காந்து பாடினது?"

"அது கிளாஸ்மா" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள், அதுதான் கொடுமை. பிறகு இங்கிலீஷில் விளக்கினாள். அது உன்னோட கிளாஸ், உன்னோட விஷயம், நீ சொன்னதால் பண்ணினது. நான் மேடையில் சொன்னது வேறு, மியூசிக் மியூசிக். இரண்டு தடவை சொன்னால் எனக்கு வித்தியாசம் புரிந்துவிடும் என்பது போல இரண்டு தடவை சொன்னாள்.

அந்தச் சமயத்தில் ஹெட்செட் மாட்டிய ஒரு பெண் கதவைத் தட்டி உள்ளே தலையை நீட்டினாள், மேடையில் யார் எப்போது ஏற வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறவள். நாளை மதியம் இன்னொரு கச்சேரி இருக்கிறதே, அம்மா வருவார்களா, எல்லாரும் கேட்கிறார்கள் என்றாள். என் பெண் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "வர்றியாம்மா? ப்ளீஸ்? அதே சாரி கட்டிக்கோ." வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருகிறவள். வந்தாலும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் போகிறவள். இத்தனை வருஷத்தில் நீ வா என்று என்னைக் கூப்பிட்ட இடம் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை நானே டிரைவ் பண்ணிக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் வரவில்லை, டிவியில் மேட்ச் இருந்தது. எங்கள் ஆட்களும் யாரும் இல்லை. இந்தத் தடவை என்னைக் கீழே உட்கார வைக்கவில்லை. மேடைத் திரைக்குப் பக்கத்தில், இருட்டில், ஹெட்செட் பெண்ணோடு நிற்க வைத்தார்கள். என் பெண்ணின் முதுகு தெரிந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் மூச்சு எடுப்பது தெரிந்தது. தோளைத் தூக்காமல், சத்தம் இல்லாமல், அடிவயிற்றிலிருந்து எடுத்தாள். அது யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது.

எங்கள் வீட்டில் பாட்டே கிடையாது என்றாள். சிரித்தார்கள். கணக்குப் புத்தகம் வந்தது. சிரித்தார்கள். ஒரு எழுத்து மாறவில்லை. கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஹெட்செட் பெண் விரலை உயர்த்தி, பிறகு இறக்கினாள். நான் போனேன்.

முந்தின நாளைவிட அன்றைக்கு அதிகமாகச் சிரித்தார்கள். 'ஆஃப்டர் சிங்கிங்' என்பதற்குப் பிறகு எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது.